தத்தளிக்கும் எலியும் தடுமாறும் ஆராய்ச்சியும்

கண்ணாடி உருளை ஒன்று. உள்ளே நீர். நீரிலே ஓர் எலி! ஏறிவர வழியில்லை; சுவர் வழுக்குகிறது. சுற்றிச் சுற்றி நீந்துகிறது, முட்டுகிறது, மோதுகிறது, மூழ்கிப் பார்க்கிறது. சிறிது நேரம் சென்றதும், மூக்கு மட்டும் மேலே தெரிய, அசையாது மிதக்கிறது. கடிகாரத்துடன் காத்திருந்தவர் குறித்துக்கொள்கிறார். எலி மனமுடைந்துவிட்டதாம்!

கட்டாய நீச்சல் சோதனை என்று இதற்குப் பெயர். 1977இல் பாரிசு நகரிலே போர்சோல்ட் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் உலகுக்கு அறிவித்த முறை. முதல் நாள் 15 நிமிடம் தத்தளிப்பு. அடுத்து மருந்து. மறுநாள் மீண்டும் 5 நிமிடம். மருந்துண்ட எலி நெடுநேரம் நீந்தினால், அம்மருந்து மனிதனின் மனச்சோர்வை மாற்றவல்லது என்று கணக்கு!

விஞ்ஞானத்தின்மீது நமக்கு வெறுப்பா? இல்லை. மருந்தை விட்டு மந்திரத்தை நாடச் சொல்லும் கூட்டமல்ல நாம். எலி தந்த அறிவை மறுப்போமா? 1936இல் கனடாவின் மான்ட்ரியல் நகரிலே ஹான்ஸ் செல்யே எலிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். அட்ரீனல் சுரப்பி வீங்கிற்று, தைமஸ் சுரப்பி சுருங்கிற்று, இரைப்பையிலே புண் கண்டது. செலுத்திய பொருளை மாற்றினார், பார்மலினும் செலுத்தினார். அதே விளைவு! குளிரிலே வாட்டினாலும் அதுவே! துன்பம் எதுவாயினும் உடல் ஒரே விதமாகத் துடிக்கிறது என்று கண்டார். 'ஸ்ட்ரெஸ்' என்று இன்று ஊரெல்லாம் பேசுகிறதே, அந்தக் கருத்துக்கு வித்து அங்கேதான். (அதே செல்யே பின்னாளில் புகையிலை முதலாளிகளின் பணத்தையும் பெற்றார். அந்த நிறுவனங்களின் ஆவணங்களே அதைக் கூறுகின்றன. அறிவும் பணப்பெட்டியும் கைகோத்த கதை, புதிதன்று!)

சுரப்பி வீங்கியதை அளந்து பார்க்கலாம். எலியின் உள்ளம் உடைந்ததை எந்த அளவுகோலால் அளந்தார்கள்? தப்ப வழியில்லையென்று தெரிந்துகொண்டு, வலிமையைச் சேமிக்க அசையாதிருந்தால், அது சோர்வா, புத்திசாலித்தனமா? மனச்சோர்வு மருந்தே அல்லாத, வெறும் கிளர்ச்சியூட்டும் ஆம்பெட்டமின் கொடுத்தாலும் எலி நெடுநேரம் நீந்துகிறதே! மருந்து கொடுத்த மறுநாளே எலி துள்ளுகிறது. அதே மருந்தை உண்ணும் மனிதனோ பலன் காண வாரக்கணக்கில் காத்திருக்கிறான். இந்தப் பொருத்தத்தை நம்பியா மருந்து தேடுவது?

வரலாற்றைப் புரட்டுவோம். 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலே காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் கொடுத்தனர். படுத்துக் கிடந்தோர் எழுந்து சிரித்தனர்! சுவிட்சர்லாந்திலே மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் உண்ட நோயாளிகளைக் கூர்ந்து கவனித்து, அது மனச்சோர்வைக் குறைப்பதை 1957இல் வெளியிட்டார். மனச்சோர்வுக்கு முதல் மருந்துகள் கிடைத்தது நீர்த்தொட்டியிலா? மனிதனின் முகத்தைப் பார்த்த மருத்துவரின் கண்ணிலே!

பின் ஏன் எலியைத் தள்ளினார்கள்? செலவு குறைவு, வேலை எளிது, விடை விரைவு. எல்லோரும் செய்கிறார்கள், ஆகவே நாமும் செய்வோம் என்பது எஞ்சிய காரணம். இது ஆராய்ச்சியா, சடங்கா? யாகத்திலே ஆட்டை வெட்டியவரை, மழை வந்ததா, மெய்ப்பித்துக் காட்டு என்று கேட்ட இயக்கம் இது. வெள்ளைச் சட்டை அணிந்தவர் என்பதால் கேள்வியை விழுங்கிவிடுவோமா? பாவ புண்ணியக் கணக்குப் பார்த்தல்ல, பலன் என்ன என்று பார்த்தே கேட்கிறோம்.

வேலை இழந்தவனுக்கு இருக்கிறது சோர்வு. கடன்காரன் கதவைத் தட்டும் ஓசையிலே உறங்காதவளுக்கு இருக்கிறது. சாதியின் பேரால் தெருவிலே தலைகுனிக்கப்பட்ட மாணவனுக்கு இருக்கிறது. 15 நிமிடம் நீந்திய எலி, இவர்களுக்காக என்ன சாட்சி சொல்லும்? தவறான சோதனையிலே தேறிய மருந்து பின்னர் மனிதனிடம் தோற்றால், வீணாவது எலியின் உயிர் மட்டுமா? மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளியின் ஆண்டுகளும் அல்லவா!

பெரிய மருந்து நிறுவனங்கள் பலவும் இச்சோதனையைக் கைவிட்டுள்ளன. 2022இன் இறுதியிலே அமெரிக்கா சட்டத்தைத் திருத்தி, புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை நீக்கிற்று. மனித உயிரணுக்களைக் கொண்டும், கணிப்பொறியைக் கொண்டும் சான்று தரலாம். 2024இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கட்டாய நீச்சலைத் தடை செய்து சட்டமே இயற்றிவிட்டது. அதே சட்டம், விலங்குகளைக் கட்டாயமாகப் புகை உள்ளிழுக்க வைக்கும் சோதனையையும் சேர்த்தே தடுத்திருக்கிறது.