கண்ணுக்குள் குறைந்துபோகும் வெளிச்சம்

ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமென்றால் வயதான பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். வெளிச்சம் கூடும்போது கண்பாவை சுருங்குகிறது. ஓரங்கள் வழியே நுழைந்து பிம்பத்தைக் கலைக்கும் கதிர்கள் தடைபடுகின்றன. கண்ணாடி போடாமலே ஊசியின் காது ஓரளவு துலங்கிவிடும். அனுபவம் கற்றுக்கொடுத்த அருமையான ஒளியியல் உத்தி இது.

இந்த உத்தி தேவைப்படுவதற்குக் காரணம், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. பழைய செல்களை உதிர்க்கவும் வழியில்லை. வெங்காயம் போல வெளிப்பக்கம் அடுக்குகள் சேர்ந்துகொண்டே போக, தாயின் வயிற்றில் இருந்தபோது உருவான புரதம் நடுவில் அப்படியே தங்கிவிடுகிறது. 70 வயதுக்காரரின் லென்ஸ் நடுவே இருப்பது 70 ஆண்டுப் பழைய புரதம். அது இறுகுகிறது, பழுப்பேறுகிறது, ஒளியைச் சிதறடிக்கிறது.

இறுகுவதன் விளைவை எல்லோரும் அறிவோம். 10 வயதில் 7 சென்டிமீட்டர் கிட்டத்தில் வைத்தும் படிக்க முடிந்த எழுத்து, 40-ஐத் தாண்டியதும் கை நீளத்துக்குத் தள்ளிப்போகிறது. வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று கண்ணாடி வாங்கிக்கொள்கிறோம். அதோடு கண்ணின் கணக்கு தீர்ந்ததாக நினைத்துவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று 1960-களிலேயே கணக்கிட்டுச் சொன்னார் ராபர்ட் வீல் என்ற பார்வையியல் அறிஞர். கண்பாவை முன்போல விரிவதில்லை. பழுப்பேறிய லென்ஸ் நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. நாமெல்லாம் தாராளமாக நடமாடும் அதே கூடத்தில், "லைட்டைப் போடேன்" என்று அப்பா கேட்பது பிடிவாதமல்ல.

நீலம் குறைவது படிப்படியாக நடப்பதால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. ஒரு கண்ணில் மட்டும் கண்புரை அறுவை செய்து, பழுப்பேறிய லென்ஸை மாற்றிக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கண்ணால் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் பளீரென்று வெளுத்து, கொஞ்சம் நீலம்கூடத் தட்டும்; மறு கண்ணால் பார்த்தால் அதே சுவர் மஞ்சள்.

இன்னொரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கண்ணின் முன்பக்கத்துக் கார்னியாவில் இயல்பாகவே சில ஒளிப்பிழைகள் உண்டு. இளமையில் உள்ளே இருக்கும் லென்ஸ் அவற்றுக்கு எதிரான பிழைகளைக் கொண்டிருப்பதால் இரண்டும் பெருமளவு கழிந்துவிடும். வயதாக ஆக லென்ஸின் வடிவமும் உள்ளமைப்பும் மாற, இந்த ஒத்திசைவு குலைகிறது. ஸ்பெயினின் பார்வையியல் ஆய்வாளர் பாப்லோ ஆர்டால் குழுவினர் இதை அளந்து காட்டினார்கள். புரை அறுவையில் வைக்கப்படும் சில லென்ஸ்கள், கார்னியாவின் பிழையைக் கழிக்கும்படியே இப்போது வடிவமைக்கப்படுகின்றன.

இவற்றில் பெரும்பகுதி, சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையில் தெரியாது. நல்ல வெளிச்சத்தில், வெள்ளைமேல் கறுப்பாக இருக்கும் எழுத்தை வாசித்து 6/6 வாங்கியவர், இரவில் எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட்டில் சாலையையே தொலைத்துவிடலாம். லென்ஸில் சிதறும் ஒளி காட்சியின் மீது திரையாகப் படர்ந்துவிடுகிறது. எந்தப் பவர் கண்ணாடியும் இந்தச் சிதறலைப் போக்காது. "கண்ணில் ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் தவிப்பு இதுதான். மருத்துவரிடம் போகும்போது இரவுக் கூச்சத்தையும், மங்கிய வெளிச்சத்தில் படிக்கட்டு தெரியாததையும் சேர்த்தே சொல்லுங்கள். மங்கலான வேறுபாடுகளைக் காணும் திறனையும் கூச்சத்தையும் அளக்கத் தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன.

வீட்டில் செய்ய வேண்டியவை பெரிய செலவில்லை. படிக்கும் விளக்கு பக்கவாட்டிலிருந்து தாளின்மீது விழட்டும், பல்பு கண்ணில் படக் கூடாது. படிக்கட்டு விளிம்புகளில் பளிச்சென்று ஒரு பட்டை இழுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். மருந்துக் கம்பெனிகளும் மாத்திரை அட்டையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பளபளக்கும் வெள்ளித் தாளில் பொடி எழுத்தில் பெயரையும் காலாவதித் தேதியையும் அச்சிடுகிறார்கள். அந்த மாத்திரைகளை அதிகம் விழுங்குகிறவர்களால்தான் அதைப் படிக்க முடிவதில்லை.