ஆந்தை பொறித்த வெள்ளிக்காசு

கூரைமேல் ஆந்தை உட்கார்ந்து அலறினால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதே ஆந்தையைக் காசிலே பொறித்துப் பெட்டியில் பூட்டிவைத்த மக்களும் இருந்தார்கள், நேயர்களே! இன்று ஏமன் என்று வழங்கும் தேசத்தில், சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் செழித்திருந்த ஸபா, கத்தபான் ராஜ்யத்தார்தாம் அவர்கள். சாலமோன் மன்னனைக் காண வந்த ஷேபா ராணியின் நாடு இந்த ஸபாதான் என்பார்கள்.

பாலைவனத்திலே வெள்ளி ஏது? பக்கத்து ஹத்ரமவுத் நாட்டின் வறண்ட மலைகளில் ஒரு மரம் உண்டு. பட்டையைக் கீறினால் பால் வடிந்து பிசினாக உறையும். அதுதான் குந்துருக்கம், மாதா கோயில் தூபத்தில் கமகமக்கிறதே, அதே சரக்கு! கிரேக்கரும் ரோமானியரும் அதற்குக் கொட்டிக் கொடுத்தார்கள். கத்தபானின் தலைநகரான திம்னாவிலிருந்து கடற்கரைக் காஸா வரை ஒட்டகப் பயணத்தில் 65 தங்கல்கள். தண்ணீர், தீனி, வரி என்று ஒட்டகம் ஒன்றுக்கு 688 ரோமானிய வெள்ளிக்காசு செலவு என்று பிளினி கணக்கு எழுதியிருக்கிறார். (நம் கல்யாணச் செலவே தேவலை!)

அக்காலத்தில் பல தேசங்களிலும் செல்லுபடியானது ஏதென்ஸ் நகரத்து வெள்ளிக்காசு. ஒரு புறம் அதீனா தேவியின் தலை. மறுபுறம் அவளுடைய ஆந்தை. தென் அரேபியர் சொந்தமாகக் காசு அடிக்க முற்பட்டபோது புதுச் சித்திரம் தேடவில்லை. ஆந்தையையே பொறித்தார்கள், ஏதென்ஸ் பெயரின் கிரேக்க எழுத்துக்களைக்கூட விடவில்லை! ஏன் தெரியுமா? பழகிய காசென்றால் வியாபாரி மறுபேச்சின்றி வாங்கி முடிந்துகொள்வான். ஆனால் ஒரு சாமர்த்தியம் பாருங்கள். தேவியின் கன்னத்திலே, திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போல், தங்கள் மொழி எழுத்து ஒன்றைப் போட்டார்கள். திருஷ்டிக்காக அல்ல, காசு முழுசா, அரையா, காலா என்று காட்டுவதற்காக!

இந்தச் செல்வத்தின்மேல் ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸுக்கும் ஒரு கண். கி.மு. 26-25 வாக்கில் ஏலியஸ் காலஸ் என்பவர் தலைமையில் படை அனுப்பினார். படை வியாதியில் வாடிற்று. 6 நாள் ஒரு நகரை முற்றுகையிட்டு, குடிக்கத் தண்ணீரில்லாமல் திரும்பிற்று. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்: பிற்பாடு ஸபாவில் அடித்த வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸின் ஜாடையிலேயே ஒரு தலை! படையால் நுழைய முடியாத நாட்டில் முகம் மட்டும் நுழைந்துவிட்டது. மறுபுறம்? நம் பழைய ஆந்தைதான். இப்போது ஒரு ஜாடியின்மேல் ஏறி நிற்கிறது.

அப்புறம் ஹிம்யர் அரசர்கள் தலையெடுத்தார்கள். அம்தான் பய்யின் என்ற அரசனின் காசு, குங்குமச்சிமிழ் மூடிபோல் குழிந்த சின்னஞ்சிறு காசு. இரு புறமும் மனிதத் தலை. கூடவே அரசன் பெயரும், ‘ரைதான்’ என்ற அரண்மனையின் பெயரும் அவர்கள் எழுத்திலேயே இருக்கின்றன. ஆந்தையைக் காணோம்.