பாட்டி கேட்ட பொம்மைப் பாட்டு

பூர்ணத்ரயீசர் கோயில் விருச்சிகோற்சவத்தில் கச்சேரி கேட்டுவிட்டு வீடு திரும்பிய இரவு அது. திருப்பூணித்துறையில் அந்த எட்டு நாட்களும் யாருக்கும் சீக்கிரம் தூக்கம் வராது. எண்பது வயதைக் கடந்த என் தாயார் பேத்தியைக் கூப்பிட்டார்.

"கண்ணு, பொம்மை படத்திலே யேசுதாஸ் பாடின பாட்டு இருக்கே, அதைக் கொஞ்சம் போடேன்."

என் மகள் தமிழ் நன்றாகப் பேசுவாள்; எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளியில் படிப்பது மலையாளமும் ஆங்கிலமும்தான். கைபேசியில் ஆங்கில எழுத்தில் 'பொம்மை' என்று தட்டினாள். வந்து நின்றது 2023-இல் வெளியான இன்னொரு 'பொம்மை'. "இது இல்லைடி" என்றார் பாட்டி. அடுத்து 'யேசுதாஸ்' என்று தட்டினாள். கேரளத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் கேட்க வேண்டுமா? மலையாளப் பாடல்கள் வரிசை கட்டி நின்றன. நாலாவது முறையும் தவறியதும், "போதும், விடு" என்று அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்தப் 'போதும்' என்ற சொல் என்னை உறுத்தியது. கேட்டது ஒரே ஒரு பாட்டு. கோடிக்கணக்கான பாடல்கள் கையில் இருந்தும் அதைக் கொடுக்க முடியவில்லையே!

ஸ்பாட்டிஃபை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாட்டுத் தேடுவோரின் மனநிலையை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். இன்ன பாட்டுத்தான் வேண்டும் என்று தேடுவது ஒன்று. ஏதோ ஓர் எண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பொருத்தமாக எது வந்தாலும் சரி என்பது இரண்டாவது. புதிதாக என்ன இருக்கிறது என்று உலாப் போவது மூன்றாவது.

என் அனுபவமும் இதுதான். ஒருநாள் 'தோடி' என்று தேடினேன். ஹிந்துஸ்தானி தோடி வந்தது. பெயர்தான் ஒன்று; ராகம் வேறு. நம் சுபபந்துவராளியின் சாயல் அதில் இருந்தது. உலாப் போகும் மனநிலையில் இருந்ததால் ஆனந்தமாகக் கேட்டேன். அதே பதில் அம்மாவுக்கு வந்திருந்தால் கைபேசியையே மூடி வைத்திருப்பார். இயந்திரம் செய்தது ஒன்றுதான்; கேட்டவர் மனம்தான் வேறு. நாம் தட்டும் நாலு எழுத்தில் அந்த மனம் முழுவதும் தெரிவதில்லை.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அம்மாவிடம் நிதானமாகக் கேட்டேன். "அந்தப் படம் யார் எடுத்தது அம்மா?"

"வீணை பாலசந்தர். மியூசிக்கும் அவரேதான். அறுபத்து நாலிலே வந்தது. யேசுதாஸ் அப்போதான் தமிழிலே பாட வந்திருந்தார். நம்ம ஊர் ஆர்.எல்.வி.யிலே பாட்டுப் படிச்ச பிள்ளையாச்சே!"

எத்தனை தகவல்கள்! இலங்கை வானொலி காலத்தில் அறிவிப்பாளர் படம், பாடியவர், இசையமைத்தவர் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார். கேட்டுக் கேட்டு அவை அம்மாவின் மனதில் பதிந்திருந்தன. முந்தின இரவு நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவசர அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தோம்.

படத்தின் பெயரோடு 1964, எஸ். பாலசந்தர் என்பவற்றையும் சேர்த்துத் தட்டினாள் மகள். பாட்டு வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். காப்பி ஆறிப்போனது. முடிந்ததும், "இன்னொரு தரம் போடு" என்றார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பாட்டி ஒரு பாட்டைச் சொல்வார். படம், பாடியவர், இசை, எங்கே யாருடன் கேட்டது என்பதையும் சொல்வார். பேத்தி அதைத் தமிழில் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. முதல் பக்கத்தில் 'பொம்மை'யே 'போம்மை' ஆகிவிட்டது. இப்போது பன்னிரண்டாம் பக்கம், பிழைகள் குறைந்திருக்கின்றன.

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில், பாட்டை நினைவில் வைத்திருப்பவர் ஒருவர். தேடத் தெரிந்தவர் இன்னொருவர். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால்தான் பாட்டு கிடைக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒரு பாட்டுக் கேட்டால், தட்டுவதற்கு முன் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "போதும், விடு" என்று அவர் எழுந்து போகுமுன் கேட்டுவிடுங்கள்.