பழைய சேலையில் சிக்கிய காலரா!



பாட்டியின் பழைய பருத்திச் சேலை கடைசியில் என்ன ஆகும்? தம்பிப் பாப்பாவுக்குத் தொட்டில் ஆகும். பிறகு கிழிந்து, கைப்பிடித் துணி ஆகும். அந்தச் சேலை ஒரு கொடிய நோயையும் தடுத்திருக்கிறது, தெரியுமா?

அந்த நோய் காலரா. வாந்திபேதி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் பரவும். உடலில் உள்ள நீரெல்லாம் வெளியேறி, சிகிச்சை கிடைக்காவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடவும் கூடும். ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக், 1884ல் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே இதன் கிருமியைக் கண்டார்.

சரி, யாருக்குமே நோய் இல்லாத மாதங்களில் அந்தக் கிருமி எங்கே போகிறது?

அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கோல்வெல் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கிருமி எங்கும் போகவில்லை, தண்ணீரிலேயே இருந்தது! இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான கோப்பிபாட் என்ற குட்டி உயிரியின் உடம்பில் ஒட்டிக்கொண்டு, சொகுசாகச் சவாரி செய்துகொண்டிருந்தது. ஒரே கோப்பிபாட்டில் ஆயிரக்கணக்கான கிருமிகள்! நீர் வெதுவெதுப்பானால் பாசி போன்ற நுண் தாவரங்கள் பெருகும். அவற்றைத் தின்று கோப்பிபாட்கள் பெருகும். கூடவே கிருமிகளும் பெருகும்.

'தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டியதுதானே?' என்பீர்கள். வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால், வங்கதேசக் கிராமங்களின் ஏழை வீடுகளில் சோறு பொங்கவே விறகு போதாது. தண்ணீர் காய்ச்ச எங்கே போவார்கள்?

சேலை எல்லார் வீட்டிலும் இருந்ததே! கிருமி மிகமிகச் சிறியது, துணியில் நிற்காது. அது சவாரி செய்யும் கோப்பிபாட் நிற்குமே! பழைய சேலையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் போட்டு வடிகட்டிப் பார்த்தார்கள். கோப்பிபாட்டோடு ஒட்டியிருந்த கிருமிகளில் 100க்கு 99 சிக்கிக்கொண்டன. புதுச் சேலை இதற்கு அவ்வளவு சரிப்படாது. துவைக்கத் துவைக்க நூல் பிரிந்து, பஞ்சு போலாகி, துணியின் கண்கள் சிறுத்துவிடுகின்றன. அதனால் பழசுதான் உசத்தி!

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில், சுமார் 1,33,000 பேரிடம் மூன்று ஆண்டுகள் சோதனை நடந்தது. முடிவு 2003ல் வெளியானது. சேலையில் வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. ஏறக்குறைய பாதி!

முழுவதும் ஒழியவில்லையே என்கிறீர்களா? நீரில் தனியாக மிதக்கும் கிருமிகள் துணியில் நுழைந்து வந்துவிடும். அதனால் காய்ச்ச வசதி உள்ளவர்கள் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். வடிகட்டிய துணியையும் அப்படியே சுருட்டி வைக்கக் கூடாது. நன்றாக அலசி, வெயிலில் காயப்போட வேண்டும்.

சில ஆண்டுகள் கழித்து விஞ்ஞானிகள் மறுபடி அங்கே போனார்கள். நினைவூட்ட ஆள் இல்லாமலே, பத்தில் மூன்று பெண்கள் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றிக் குடியிருந்த, வடிகட்டாத வீடுகளிலும் காலரா குறைந்திருந்தது.