பாட்டுகள் குடியிருக்கும் பீரோ!
70 இழுப்பறைகளில் ஒரு நாட்டின் இலக்கியம்

அது ஒரு மர பீரோ. ஆள் உயரத்துக்கு மேல் போகாது. அதில் நகை இல்லை, பட்டுப் புடவை இல்லை, பணமும் இல்லை. இருப்பதெல்லாம் துண்டுச் சீட்டுகள்.

ஆனால் அந்த பீரோவை ஒரு நாடே பொக்கிஷமாகப் போற்றுகிறது!

அந்த நாட்டின் பெயர் லாட்வியா. ஐரோப்பாவின் வடக்கே, பால்டிக் கடல் ஓரத்தில் இருக்கிறது. சின்னஞ்சிறு நாடு. ஜனத்தொகை 20 லட்சம்கூடக் கிடையாது.

பீரோவுக்குச் சொந்தக்காரர் கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் என்ற அறிஞர். 1835-ம் ஆண்டு பிறந்தவர்.

குடியானவர் பாஷை

அப்போது லாட்வியாவை ஆண்டவர் ரஷியச் சக்கரவர்த்தி. நிலமெல்லாம் ஜெர்மன் பிரபுக்கள் கையில் இருந்தது. அந்தப் பிரபுக்களுக்கு "பரோன்" என்று பட்டம். நம் அறிஞரின் பெயரும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அவர் பிரபு வீட்டுப் பிள்ளை அல்ல!

லாட்விய மொழியை வயலில் உழைக்கும் குடியானவர்கள் பேசினார்கள். படித்து முன்னுக்கு வந்தவர்கள் ஜெர்மன் மொழிக்கு மாறினார்கள். "இது குடியானவர் பாஷை. இதில் இலக்கியம் ஏது?" என்பதே பெரிய மனிதர்களின் எண்ணம்.

இலக்கியம் இருந்தது. ஆனால் அது ஏட்டில் இல்லை. பாட்டிமார் வாயில் இருந்தது.

தொட்டில் ஆட்டும்போது ஒரு பாட்டு. மாவு அரைக்கும்போது ஒரு பாட்டு. கல்யாணத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவரை ஒருவர் கேலி செய்து பாடும் பாட்டு. தாயில்லாத பெண் சூரியனையே தாயாக நினைத்துப் பாடும் பாட்டு. பெரும்பாலும் நாலே அடி. இவற்றுக்கு "தைனா" என்று பெயர்.

பாட்டி கண்ணை மூடினால் பாட்டும் போய்விடும். அதுதான் ஆபத்து.

மாஸ்கோவில் ஒரு வாத்தியார்

பரோன்ஸ் கணிதமும் வான சாஸ்திரமும் படித்தவர். இளம் வயதில் ஒரு லாட்வியப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். 1865-ம் ஆண்டு அந்தப் பத்திரிகை நின்றுபோயிற்று. பிறகு ரஷியாவில் ஒரு பணக்காரக் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார்.

அப்போது மாஸ்கோவில் அவருக்கு ஒரு நண்பர் இருந்தார். பிரீவ்செம்னியெக்ஸ் என்று பெயர். (வாயில் நுழைவது கஷ்டம்தான்!) நாட்டுப் பாட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கியவர் இவரே. 1878-ம் ஆண்டு அந்தப் பொறுப்பை அவர் பரோன்ஸிடம் ஒப்படைத்தார்.

ஊர் ஊராக இருந்து பாட்டுகள் வந்து குவிந்தன. பள்ளிக்கூட வாத்தியார்கள் அனுப்பினார்கள், விவசாயிகள் அனுப்பினார்கள். நூறல்ல, ஆயிரமல்ல. லட்சத்தையும் தாண்டிற்று!

1880-ம் ஆண்டு பரோன்ஸ் ஒரு தச்சரிடம் சொல்லி, தம் யோசனைப்படியே ஒரு பீரோ செய்யச் சொன்னார். அதில் 70 இழுப்பறைகள். ஒவ்வொரு இழுப்பறையிலும் 20 சிறு அறைகள். ஒரு பாட்டுக்கு ஒரு சீட்டு. சீட்டின் நீளம் 11 சென்டிமீட்டர். அகலம் 3 சென்டிமீட்டர்.

எப்படிப் பிரிப்பது?

சேர்ப்பதைவிடப் பிரிப்பதுதான் பெரும்பாடு.

ஒரே பாட்டு பத்து ஊரில் இருந்து வரும். ஓர் ஊரில் ஒரு சொல் மாறியிருக்கும். இன்னோர் ஊரில் ஓர் அடியே மாறியிருக்கும். எது சரியான பாட்டு? பரோன்ஸ் எதையும் தப்பென்று தள்ளவில்லை. ஒன்றைத் தலைப்பாட்டாக வைத்தார். அதன் உறவுக்காரப் பாட்டுகளை எல்லாம் அதன் கீழே வரிசையாக வைத்தார். எந்தப் பாட்டு எந்த வட்டாரத்தில் இருந்து வந்தது என்பதையும் குறித்தார்.

சரி, இத்தனை குடும்பங்களையும் எந்த வரிசையில் அடுக்குவது? அகர வரிசையில் அடுக்கியிருந்தால் வேலை சுலபம். ஆனால் பாட்டுகள் திசைக்கு ஒன்றாகச் சிதறிப் போயிருக்கும். பரோன்ஸ் மனிதன் வாழும் வரிசையையே எடுத்துக்கொண்டார். பிறப்பு, குழந்தைப் பருவம், வாலிபம், கல்யாணம், குடும்பம், உழைப்பு, முதுமை, சாவு. பீரோவுக்குள் ஒரு முழு வாழ்க்கை அடங்கிவிட்டது! கணிதம் படித்த மூளை என்பது இங்கேதான் தெரிகிறது.

கொச்சையான பாட்டுகளும் இருந்தன. அவற்றையும் அவர் கிழித்துப் போடவில்லை. தனியே பிரித்து, கடைசிப் பாகத்தில் சேர்த்தார்.

80 வயதில் முடிந்த வேலை

1893-ம் ஆண்டு பரோன்ஸ் தாய்நாடு திரும்பி, ரீகா நகரில் குடியேறினார். பீரோவும் கூடவே வந்தது.

மறு ஆண்டு புத்தகம் வெளிவரத் தொடங்கிற்று. "லாட்விய தைனாக்கள்" என்று பெயர். விசென்டோர்ப்ஸ் என்ற வியாபாரி கைகொடுத்தார். பிந்திய பாகங்களை ரஷிய விஞ்ஞானக் கழகம் அச்சிட்டது. குடியானவர் பாட்டுகளைச் சக்கரவர்த்தியின் கழகமே அச்சுப் போட்டது!

மொத்தம் ஆறு பாகங்கள். 2,17,996 பாட்டுகள். கடைசிப் பாகம் வெளிவந்தது 1915-ல். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பரோன்ஸுக்கு வயது 80 ஆகிவிட்டது.

இத்தனைக்கும் அவற்றில் ஒரு பாட்டுகூட அவர் இயற்றியதல்ல.

1918-ம் ஆண்டு லாட்வியா சுதந்திரம் அடைந்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1923-ல் அவர் காலமானார். லாட்வியா 1940-ல் சோவியத் ஆட்சியின் கீழ் போயிற்று. 1991-ல் மறுபடியும் விடுதலை பெற்றது. பிறகு அச்சான 100 லாட் நோட்டில் அவருடைய படம் இருந்தது. 2014-ல் யூரோ நாணயம் வந்தது. அந்த நோட்டு மறைந்தது.

பீரோ மறையவில்லை. 2001-ம் ஆண்டு யுனெஸ்கோ சபை அதை "உலக நினைவு" பட்டியலில் சேர்த்தது. இப்போது அது ரீகாவில் தேசிய நூலகத்தில் இருக்கிறது. சீட்டுகளைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கிறார்கள்.

பரோன்ஸுக்குப் பிறகும் பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன. 1924-ல் அதற்கென்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. இன்று சேர்ந்திருப்பவை பத்து லட்சத்துக்கும் மேல். பழைய பீரோ அவ்வளவையும் கொள்ளாது. புதிதாக வந்தவற்றுக்கு வேறு இடம் செய்திருக்கிறார்கள்.