கண்ணுக்குத் தெரியாத நிலத்தைக் கணிப்போர்

ஒரு பாலமோ சுரங்க ரயில் பாதையோ திறந்துவைக்கப்படும்போது, மேலே தெரியும் அமைப்பையே மக்கள் போற்றுகின்றனர். அந்த அமைப்பைத் தாங்கி நிற்கும் நிலத்தை ஆராய்ந்தவரின் பணி மண்ணுக்கடியிலேயே மறைந்துவிடுகிறது. எஃகும் கான்கிரீட்டும் மனிதன் ஆக்கியவை. தேவையான தரத்தைக் குறிப்பிட்டு அவற்றைப் பெறலாம். மண்ணோ இயற்கை அளித்தது. அதை உள்ளவாறே அறிந்துதான் கட்ட வேண்டும். இதுவே மண் பொறியியல் வல்லுநரின் பணி.

துளையும் சோதனையும்

பணியின் முதற்படி, நிலத்தில் துளையிட்டு ஆராய்வது. 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச்செய்து, துளையின் அடியிலுள்ள மண்ணுக்குள் ஒரு குழாயைச் செலுத்துகின்றனர். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது. அடுத்த 30 செ.மீ. இறங்குவதற்கு எத்தனை அடிகள் தேவைப்படுகின்றன என்பதே மண்ணின் உறுதிக்கு ஓர் அளவு. களிமண்ணாயின், அதன் இயல்பான அமைப்புக் கலையாதவாறு மாதிரி எடுத்து, எவ்வளவு சுமையைத் தாங்கும், எவ்வளவு அமுங்கும் என்று ஆய்வுக்கூடத்தில் அறிகின்றனர்.

ஆயினும் ஒவ்வொரு துளையும் ஒரு சாண் அகலம்கூட இல்லாதது. இரு துளைகளுக்கு இடையே என்ன உள்ளது என்பதை எந்தக் கருவியும் முழுமையாகக் கூறாது. இளம் பொறியாளர் சோதனை எண்களைத் தருகிறார். அவ்வெண்கள் எதைச் சொல்லாமல் விட்டிருக்கின்றன என்று கேட்பவரே முதுநிலைப் பொறியாளர்.

கொல்கத்தாவின் மென்களி

இதற்குக் கொல்கத்தா நகரம் சிறந்த எடுத்துக்காட்டு. கங்கை முகத்துவாரச் சமவெளியில் அமைந்த இந்நகரின் பல பகுதிகளில், மேல்மட்டத்திற்குச் சற்றுக் கீழே, மக்கிய மரத்துண்டுகள் கலந்த மென்களி காணப்படுகிறது. நிலத்தடி நீரும் மேலாகவே உள்ளது. பழைய ஆற்றுத் தடங்கள் இருந்த இடங்களில் களிமண்ணுக்குப் பதிலாக வண்டலும் மணலும் நிறைந்துள்ளன. ஒரே தெருவில்கூட நிலத்தின் இயல்பு மாறக்கூடும்.

இத்தகைய நிலத்தில்தான் நாட்டின் முதல் சுரங்க ரயில் 1984 அக்டோபர் 24 அன்று ஓடத் தொடங்கியது. அதன் பெரும்பகுதி, முதலில் பக்கச் சுவர்களை நிலத்துக்குள் எழுப்பி, அவற்றுக்கிடையே முட்டுக் கொடுத்துத் தோண்டி, பின்னர் மேலே மூடும் முறையில் கட்டப்பட்டது. அடுத்து அமைந்த கிழக்கு-மேற்குப் பாதை ஹூக்ளி ஆற்றின் அடியிலேயே சென்றது. அப்பகுதியின் நீளம் சுமார் 520 மீட்டர். துளையிடும் பணி 2017-இல் முடிந்தது.

பௌபஜார் தந்த பாடம்

ஆற்றைக் கடந்த அந்தத் திட்டம் சோதனைக்குள்ளானது, நெருக்கமான பழைய வீடுகள் நிறைந்த பௌபஜார் பகுதியில். 2019 ஆகஸ்ட் 31 அன்று துளையிடும் இயந்திரம் நிலத்தடி நீர் செறிந்த அடுக்கைத் தாக்கியது. சுரங்கத்துக்குள் பாய்ந்த நீர் மண்ணையும் அரித்து இழுத்துவந்தது. அவ்வாறு மண் இழந்த நிலம் கீழிறங்க, மேலிருந்த வீடுகள் விரிசல் கண்டன; சில இடிந்தன. நூற்றுக்கணக்கான மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2022-இல் மே, அக்டோபர் மாதங்களில் அதே பகுதியில் மீண்டும் விரிசல்கள் தோன்றின. பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது 2025 ஆகஸ்டில்தான்.

இதில் உணரவேண்டிய உண்மை ஒன்று உண்டு. நிலத்தடியில் பெரும்பாலும் பகையாவது மண்ணன்று, அழுத்தமுடைய நீரே. அதனால்தான் அங்கு, நீர் உட்புகுவதைத் தடுக்கச் சுரங்கத்தின் ஒரு பகுதியை அடைத்து அதில் நீரையே நிரப்பினர். உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமானால் மண் அரிப்பு நிற்கும் என்பதே அதன் தத்துவம்.

முதுநிலைப் பொறியாளரின் கடமை

ஆகவே வடிவமைப்பு முடிந்ததும் இவருடைய பொறுப்பு முடிவதில்லை. வேலை நடக்கும் காலம் முழுவதும் கட்டடங்களின் இறக்கத்தையும் நிலத்தடி நீரின் அழுத்தத்தையும் சுவர்களின் சாய்வையும் நாள்தோறும் அளக்க வேண்டும். எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும், எந்த அளவில் வேலையை நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இக்கட்டு வந்தபின் எல்லை வகுக்க முற்பட்டால், கால அட்டவணையும் செலவுக் கணக்கும் அவர் கையைக் கட்டிவிடும். 'இன்று தோண்ட வேண்டாம்' என்று கூறும் துணிவு அவருக்கும், அச்சொல்லுக்குச் செவிசாய்க்கும் மனப்பான்மை நிர்வாகத்துக்கும் வேண்டும்.

இன்று இந்தியாவின் பல நகரங்களில் நிலத்தடி ரயில் பாதைகள் பெருகிவருகின்றன. ஒரு திட்டத்துக்காக இடப்பட்ட துளைகளின் விவரங்கள் அத்திட்டத்தின் கோப்பிலேயே உறங்கிவிடாமல், அடுத்து அந்நகரில் கட்டுவோருக்கும் கிடைக்கச் செய்வது பெரும் பயன் தரும். மண்ணாய்வுக்கு ஆகும் செலவு, மொத்தத் திட்டச் செலவில் சிறு பங்கே. அதில் செய்யும் சிக்கனத்தின் விலையைச் செலுத்துவோர் திட்டத்தை வகுத்தவர்கள் அல்லர். அந்த நிலத்தின் மேல் குடியிருக்கும் மக்களே ஆவர்.