மாடிப்படிக்குப் புதுப்புடவை

புது வீட்டில் பால் காய்ச்சியாகிவிட்டது. சமையலறையில் அலமாரிகள் அமைந்துவிட்டன. ஜன்னல்களுக்குத் திரையும் தைத்தாகிவிட்டது. அடுத்தபடியாக வீட்டு அம்மாளின் கண் எங்கே போகும்? கூடத்தில் நுழைந்ததும் எதிரே நிற்கும் மாடிப்படியின் மேல்தான்! வீட்டைக் கட்டி விற்றவர் வெறும் சிமெண்டைப் பூசி விட்டிருக்கிறார். "கறுப்பு கிரானைட் பதித்து, எவர்சில்வர் கைப்பிடி வைத்தால் எப்படி இருக்கும்!" என்று ஆசை எழுகிறது. நியாயமான ஆசைதான். சினிமாக் கதாநாயகி தலைப்புப் புரள, வளைந்த படிகளில் இறங்கி வருவதைக் கண்டு மயங்காதவர் உண்டா?

ஆனால் அந்தக் கதாநாயகியின் கையில் துணி மூட்டை கிடையாது. இடுப்பில் குழந்தை கிடையாது. வடாம் காயவைக்கும் தாம்பாளமும் கிடையாது. நம் வீட்டில் இவை எல்லாம் உண்டு. போதாக்குறைக்கு முழங்கால் வலியோடு மாமியாரும், கீழே பார்க்காமல் ஓடும் பிள்ளைகளும் உண்டு. வயதான காலத்தில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அப்புறம் நடமாட்டமே குறைந்துவிடுகிறது. ஆகவே, மாடிப்படி முதலில் காலுக்கு, பிறகுதான் கண்ணுக்கு.

கால் போடும் கணக்கு

மாடி ஏறும்போது ஒவ்வொரு படியையும் பார்த்தா ஏறுகிறோம்? முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. பிறகு அதே கணக்கில் தானாகத் தூக்கி வைக்கிறது. நடுவில் ஒரே ஒரு படி கணக்குத் தப்பினால் போதும், தடுக்கிவிடும்.

அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 36-வது தெரு சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. அதன் மாடிப்படியில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட மிகச் சிறிதளவு உயரம். 2012-ல் டீன் பீட்டர்சன் என்ற படத் தயாரிப்பாளர் அங்கே காமிராவை வைத்துப் படம் பிடித்தார். ஒருவர் பின் ஒருவராகப் பலர் அதே படியில் இடறினார்கள்! படம் வெளியானதும் நிர்வாகத்தார் அந்தப் படிகளை மூடிச் சரிசெய்தார்கள்.

கல் செய்யும் கலகம்

இந்தத் தொல்லையை நாமே காசு கொடுத்து வாங்கிக்கொள்வதும் உண்டு. எப்படி என்கிறீர்களா? படிகள் ஏழு ஏழு அங்குலமாகச் சரியாகவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லும் அதன் கீழ்க் கலவையுமாக ஒவ்வொரு படியின் மேலும் இரண்டு அங்குலம் ஏறுகிறது. நடுப் படிகளுக்கு இதனால் மாறுதல் இல்லை. ஆனால் கீழ்த் தரை பழையபடியே இருப்பதால், முதல் படி ஒன்பது அங்குலமாகிவிடும். மாடித் தரையும் பழையபடியே இருப்பதால், கடைசிப் படி ஐந்து அங்குலமாகக் குறுகிவிடும்.

எனவே மேஸ்திரியிடம் கல்லின் விலையைக் கேட்கும் முன், "எல்லாம் முடிந்தபின் முதல் படியும் கடைசிப் படியும் என்ன உயரம் இருக்கும்?" என்று கேளுங்கள். கீழும் மேலும் தரைக்கு அதே கனத்தில் கல் போடுவதாக இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து இடம் செய்யலாம். அல்லது பசையில் ஒட்டும் மெல்லிய டைல் போடலாம். காங்கிரீட்டை மட்டும் கொத்த விடாதீர்கள். உள்ளே கம்பி இருக்கிறது.

எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்?

இன்னும் படி கட்டவில்லை என்றால் நீங்கள் பாக்கியசாலி. பதினேழாம் நூற்றாண்டில் பிளாண்டல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு சுலபமான கணக்குச் சொன்னார். படியின் உயரத்தை இரட்டித்து, கால் வைக்கும் அகலத்தையும் கூட்டினால், மனிதனின் ஓர் எட்டு நடைக்குச் சமமாக வேண்டும். இன்று இதை 24 முதல் 25 அங்குலம் என்று கொள்கிறார்கள். உயரம் 7, அகலம் 10 என்றால் கூட்டுத் தொகை 24. கச்சிதம்!

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித் தொகுப்பும் வீட்டுப் படியின் உயரம் 190 மில்லி மீட்டரை, அதாவது ஏழரை அங்குலத்தை, மிஞ்சக் கூடாது என்கிறது. அகலம் 250 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. அது ஏறக்குறைய பத்து அங்குலம்.

தரைக்குத் தரை 10 அடி, அதாவது 120 அங்குலம் என்றால், 17 படிகள் வைத்தால் ஒன்று ஏழு அங்குலத்துக்குச் சற்றே கூடும். வலது காலில் தொடங்கி வலது காலிலேயே முடிய வேண்டும் என்ற பெரியவர்களின் ஒற்றைப்படைக் கணக்கும் நிறைவேறிவிடும். எண்ணிக்கைக்காகக் கடைசியில் அரைப் படி ஒன்றைச் செருகுவதுதான் தவறு.

அலங்காரம் எங்கே?

பளபளக்கும் கல்லில் ஈரக் கால் பட்டால் வழுக்கும். மிதிக்கும் இடத்துக்குச் சொரசொரப்பான கல்லாகத் தேர்ந்தெடுங்கள். ஓரத்தில் கோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். அந்த ஓரம் வேறு நிறத்தில் இருந்தால், பார்வை மங்கியவர்களுக்கும் படி எங்கே முடிகிறது என்று தெரியும். பூவும் கொடியுமான டைலை மிதிக்கும் இடத்தில் போட்டால் ஓரமே மறைந்துவிடும். அந்த ஆசையைப் படியின் நிமிர்ந்த முகத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் அங்கே அழகாகப் பொருந்தும்.

கைப்பிடி மூன்று அடிக்குக் குறையாத உயரத்தில், கைக்குள் அடங்கும் உருண்டையாக இருக்கட்டும். கம்பிகளுக்கு நடுவே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் குழந்தையின் தலை நுழையும். குறுக்குக் கம்பிகளோ குழந்தைக்கு ஏணி! ஆகவே நெட்டுக் கம்பிகளே நல்லது. விளக்குக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு சுவிட்சுகள் வேண்டும். சுவரை உடைக்கும் வேலை ஆதலால், கல் வாங்கும் முன்பே எலெக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும், கணக்குத் தீர்க்கும் முன் டேப்பை எடுத்து ஒவ்வொரு படியையும் அளந்து பாருங்கள். நிறம் எப்படி என்று விருந்தாளிகள் சொல்லட்டும். படி எப்படி என்று மாமியாரைக் கேளுங்கள். கைப்பிடியை லேசாகப் பற்றி, ஓரிடத்திலும் தயங்காமல் மாடிக்குப் போய் வடாமைத் திருப்பிப் போட்டுவிட்டு அவர் இறங்கி வந்தால், செலவழித்த பணம் வீண் போகவில்லை!